பாடத்திட்டம் எழுதாத முதல்வர்

எங்கள் கல்லூரி முதல்வரை ஒரு மாணவி, கல்லூரியே சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்க, உரக்க அதட்டியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது அவர் கையில் ஒரு பூசணிக்காய் இருந்தது. ஓய்வு பெற்று இத்தனை காலம் ஆன பிறகும் அந்த மதியத்தை நினைத்தால் எனக்கு உட்கார்ந்திருக்க முடிவதில்லை, எழுந்து இரண்டு நடை நடக்க வேண்டியிருக்கிறது.

பி.எட். கல்லூரிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார்: "மேடம், பசங்க எல்லா வேலையும் முடிக்கறாங்க. வகுப்புக்கும் வராங்க. ஆனா கண்ணுல உயிரே இல்லீங்க. என்ன பண்றதுங்க?" அதற்குச் சொல்லத் தயாரான பதில் என்னிடம் இல்லை. நடந்தது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் கோயம்புத்தூரில் ஒரு பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பிக்கும் முறையைச் சொல்லிக்கொடுக்கும் விரிவுரையாளராக இருந்தேன். படிப்பு அப்போது ஒரே வருடம். அந்த ஒரு வருடத்துக்குள் பாடங்களைப் படிக்க வேண்டும், பள்ளிக்கூடங்களுக்குப் போய் வகுப்பெடுத்துப் பழக வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் பாடத்திட்டம் எழுத வேண்டும், சார்ட் வரைய வேண்டும், ரெக்கார்டு முடிக்க வேண்டும். எங்கள் முதல்வர் இதற்கெல்லாம் மேலே ஒரு விதி வைத்திருந்தார். பாடத்திட்டத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இருந்தாலும் முழுதையும் புதிதாக எழுத வேண்டும்.

கெட்டவர் இல்லை. இயற்பியல்காரர், நேரம் தவறாதவர், யாருக்கும் சலுகை காட்டாதவர். வீட்டில் தெலுங்கு பேசுவார். கல்லூரியில் அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் அச்சடித்த தமிழ்தான். நல்ல ஆசிரியர் பிழையில்லாமல் எழுதுபவர் என்று மனதார நம்பினார். பள்ளிக்கூட வகுப்பறைக்குள் பாடம் நடத்த நுழைந்து அவருக்குப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அந்த வருடத்து மாணவர்களில் இருவரைப் பற்றித்தான் இந்தக் கதை.

கலாமணி பெருந்துறைப் பக்கத்துப் பெண். விவசாயக் குடும்பம். எம்.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு வந்தவள். விடுதியில் தங்கியிருந்தாள். அவள் எழுதும் பாடத்திட்டத்தை மற்றவர்களுக்கு மாதிரி என்று சுவரில் ஒட்டுவோம். சண்முகம் பல்லடத்துக்காரன். வீட்டில் விசைத்தறி. தினமும் பஸ்ஸில் வந்து போவான். தாடி வளர்ந்திருக்கும், சட்டை மடிப்புக் கலைந்திருக்கும், ஆனால் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். கலாமணியைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, அவள் எல்லாவற்றையும் செய்துவிடுவாள். சண்முகத்தைப் பற்றியும் யாருக்கும் கவலை இல்லை, அவன் எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். அப்படித்தான் எல்லோரும் நினைத்தோம்.

கலாமணியைப் பற்றி முதல் சந்தேகம் எனக்கு ஒரு பயிற்சி வகுப்பில் வந்தது. எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தேன். ஏ பிளஸ் பி, அதற்கு ஹோல் ஸ்கொயர் என்ன என்று கேட்டாள். ஒரு பையன் எழுந்து, "ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்" என்றான். கணக்கு வாத்தியார்கள் கேட்டுக் கேட்டுச் சலித்த தவறு அது. அவள் முகம் மாறவில்லை. "வெரி குட், உக்காரு" என்றாள். அடுத்த பையனும் அதையே சொன்னான். அவனுக்கும் ஒரு வெரி குட். பிறகு திரும்பி, கரும்பலகையில் சரியான விடையை முத்து முத்தாக எழுதினாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன அம்மணி, தப்பா சொன்னவனுக்கு வெரி குட் குடுத்துட்டே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்படீங்களா மேடம்? அவன் என்ன சொன்னான்னே கேக்கலீங்க."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லா இருக்கறனுங்க. பசங்க வாய் அசையறது தெரியுதுங்க மேடம். உள்ள ஒண்ணும் வர மாட்டீங்குது."

அழவில்லை, அலுத்துக்கொள்ளவில்லை. கடையில் அரிசி தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னாள். அந்த வாரம் அவள் வரைந்த சார்ட் அதுவரை வரைந்ததிலேயே அழகானது. நீங்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். வேலையில் பின்தங்குகிறவர்கள் எல்லோர் கண்ணிலும் படுவார்கள். களைப்பு ஏற ஏற வேலை இன்னும் சுத்தமாகிக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை யாரும் பார்ப்பதில்லை. பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

பொங்கல் முடிந்து குடிமைப் பயிற்சி முகாம் வந்தது. சத்தியமங்கலத்தில், பவானி ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். மைதானத்தைச் சுத்தம் செய்வது, ஊருக்குள் போய்க் கணக்கெடுப்பு, மதியம் கலை நிகழ்ச்சி. நான்தான் முகாம் பொறுப்பாளர். கழுத்தில் ஒரு விசில். நான் ஊதினால் எல்லாம் தொடங்கும், ஊதினால் எல்லாம் நிற்கும்.

நாலைந்து நாள் முகாமுக்குக் கலாமணி பெரிய பெட்டி ஒன்றோடு வந்திருந்தாள். என்ன அம்மணி இது என்று கேட்டேன்.

"முகாம் முடிஞ்சதும் அண்ணன் வாராருங்க மேடம். ஊட்டுக்குப் போயர்றேனுங்க."

"லீவா?"

"இல்லீங்க. நின்னுக்கறேனுங்க."

படிப்பையே விட்டுவிடுகிறாள்! தேர்வுக்கு இன்னும் கொஞ்சமே பாக்கி இருக்கும்போது! என் வாய் வரை அறிவுரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். நான் பேசினால் என் வாய் அசைவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும் என்று பட்டது. "சரி, முகாம் முடியற வரைக்கும் இரு" என்று மட்டும் சொன்னேன்.

முகாமின் கடைசிக்கு முந்தின நாள் முதல்வர் கோவையிலிருந்து வந்தார். அன்று மதியம் கணிதப் பிரிவின் நாடகம். பயிற்சி வகுப்பைப் பற்றி ஒரு நகைச்சுவை நாடகம் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அதில் முதல்வர் வேடம் ஒன்று. யாரும் அதைத் தொடத் தயாராக இல்லை, செய்முறைத் தேர்வு மதிப்பெண் அவர் கையில் அல்லவா இருக்கிறது! "நான் பண்றனுங்க" என்று கலாமணி கை தூக்கினாளாம். போகப்போகிறவளுக்கு என்ன பயம்?

கூடத்தின் முன்வரிசையில் முதல்வர், அவர் பக்கத்தில் மூத்த தமிழ்ப் பேராசிரியர், ஓரத்தில் நான். கலாமணி புடவைமேல் ஒரு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பையில் சிவப்புப் பேனா செருகி, மேசைக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். முதல்வர் உட்காரும் அதே மாதிரி, முதுகு நாற்காலியில் படாமல். கூடம் அப்போதே குலுங்கியது. சண்முகம் பயிற்சி மாணவனாக, இரண்டு கைகளிலும் சுருட்டிய சார்ட்டுகளை அள்ளிக்கொண்டு தள்ளாடி வந்தான். ஒன்றை எடுக்கக் குனிந்தால் நான்கு விழுந்தன.

"பாடத்திட்டம் எங்கே?" என்றாள் கலாமணி, அச்சு அசலாக முதல்வர் குரலில்.

"இருக்குதுங்க ஐயா."

"கோடு எந்த நிறத்தில் போட்டிருக்கிறீர்கள்?"

"நீலமுங்க."

"நான் கருநீலம் என்றேன். முழுவதையும் திரும்ப எழுதுங்கள்."

சண்முகம் அப்படியே மல்லாந்து விழுந்தான். "செத்துப்போட்டனுங்க ஐயா."

"சாவதற்கு விடுப்பு விண்ணப்பம் எங்கே? இரண்டு படிகள் வேண்டும்."

கூரை பறந்துவிடும் போலச் சிரிப்பு. ஆண்கள் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள், பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் முதல்வரை ஓரக்கண்ணால் பார்த்தேன். கல்லாக உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் கலாமணி, ஒத்திகையில் இல்லாத ஒன்றைச் செய்தாள். எழுந்து நின்று வருகை எடுப்பதுபோல் பெயர்களைக் கூப்பிட்டாள். மேடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக "உள்ளேன் ஐயா" என்றார்கள்.

"கலாமணி" என்று கூப்பிட்டாள்.

யார் பதில் சொல்வது? மேடையில் இருந்தவர்கள் விழித்தார்கள்.

"கலாமணி!" இப்போது குரலை உயர்த்தினாள். "லெசன் பிளான் வந்திருக்குது. சார்ட் வந்திருக்குது. ரெக்கார்டு வந்திருக்குது. ஒருநாள்கூட லீவு இல்லை. எல்லாம் வந்திருக்குது. அந்தப் புள்ளை எங்கே?"

குரல் முதல்வருடையது இல்லை. பெருந்துறைக் குரல். அவளுடையது.

"எங்கேன்னு கேக்கறேன். யாராச்சும் பாத்தீங்களா?"

சிரிப்பு சட்டென்று அறுந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அழத் தொடங்கினாள். ஆண்கள் பக்கம் தலைகள் குனிந்தன. தமிழ்ப் பேராசிரியர் என் பக்கம் சாய்ந்து, "நிறுத்துங்க மேடம், இப்பவே விசில் அடிங்க, விபரீதமாப் போகுது" என்றார். விசில் என் விரல்களுக்குள் வந்துவிட்டது. உதடு வரை கொண்டுபோனேன். ஊதினால் ஒழுங்கு திரும்பும், முதல்வரின் மரியாதை காப்பாற்றப்படும், என் வேலைக்கும் ஆபத்தில்லை.

மேடையைப் பார்த்தேன். கலாமணி அழவில்லை. கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள்! வெரி குட் சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நகர்ந்துகொண்டிருந்த பெண், பல வாரங்களுக்குப் பிறகு முதல் முறையாக, ஒரு பதில் வேண்டுமென்று நிற்கிறாள். அதை விசில் ஊதி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

முதல்வர் எழுந்தார். நாற்காலி கிறீச்சிட்டது. தீர்ந்தது என்று நினைத்தேன். நேராக மேடைக்குப் போனார். கீழே கிடந்த சார்ட் ஒன்றைக் குனிந்து எடுத்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு, கலாமணியின் மேசைக்கு முன்னால் கை கட்டி நின்றார்.

"ஐயா, நான் பயிற்சி மாணவன். வகுப்பெடுக்க வந்திருக்கிறேன்."

எனக்குக் காதை நம்ப முடியவில்லை. கலாமணி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்கு ஒரு கணம்தான் தேவைப்பட்டது. நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தாள், முதுகு படாமல்.

"என்ன பாடம்?"

"மிதத்தலும் மூழ்குதலும்."

"பாடத்திட்டம்?"

"எழுதவில்லை."

"ஏன்?"

முதல்வர் தலையைச் சொறிந்தார். "நேரமில்லைங்க ஐயா."

கூடம் வெடித்தது. அவ்வளவு பெரிய சத்தத்தை அதற்கு முன்னும் பின்னும் எங்கள் கல்லூரியில் நான் கேட்டதில்லை.

"எடுங்க, பாக்கலாம்" என்றாள் கலாமணி.

அவர் திரும்பியபோது, அவருக்கு முன்னால் இருந்தவர்கள் பி.எட். மாணவர்கள் இல்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்! கண நேரத்தில் அத்தனை பேரும் மாறிவிட்டார்கள். ஒருத்தன் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளினான். ஒருத்தி, "சார், இவன் என் பென்சிலை எடுத்துட்டான்" என்றாள். ஒருவன் சுண்டு விரலை நீட்டிக்கொண்டு நெளிந்தான். முதல்வர் "அடர்த்தி என்பது" என்று தொடங்கினார். யாரும் கேட்கவில்லை. மறுபடி "அடர்த்தி என்பது" என்றார். அவர் நெற்றியில் வேர்வை. எல்லாம் தெரிந்த மனிதர், சொற்கள் எதுவும் எடுபடாமல் நின்றார். அந்த இடத்தில்தான் எங்கள் மாணவர்கள் ஒவ்வொரு நாளும் நிற்கிறார்கள்.

பிறகு அவர் சார்ட்டைக் கீழே போட்டார். சமையல் கூடத்தைப் பார்த்து, "ஒரு அண்டா தண்ணீர் வேண்டும், கூடவே காய்கறி ஏதாவது கொண்டு வாருங்கள்" என்று கத்தினார்.

அண்டா வந்தது. முதலில் ஒரு சின்ன உருளைக்கிழங்கைக் கையில் எடுத்தார். "மிதக்குமா, மூழ்குமா?" பாதிப் பேர் மிதக்கும் என்றார்கள், பாதிப் பேர் மூழ்கும் என்றார்கள். போட்டார். மூழ்கியது. ஒரு பக்கம் கைதட்டல். அடுத்து, மறுநாள் சாம்பாருக்கு வைத்திருந்த பெரிய பூசணிக்காயை இரண்டு கையாலும் தூக்கினார். "இது?"

"முழுகிப்போயிருமுங்க சார்! எத்தாச்சோடு பெருசா இருக்குது!" என்று சண்முகம் கத்தினான். ஆண்கள் எல்லாம் அவன் கட்சி. பெண்கள், மிதக்கும் என்றார்கள். கூடம் இரண்டாகப் பிரிந்து எழுந்து நின்றுவிட்டது. ஆளாளுக்கு அண்டாவை நோக்கி நகர, முதல்வர், "ஆகு, ஆகு!" என்று தெலுங்கில் தடுத்தார். அச்சுத் தமிழ் போன இடம் தெரியவில்லை. தண்ணீரில் விட்டார். பூசணிக்காய் ஒரு முங்கு முங்கி, மேலே வந்து, பட்டத்து யானை போல மிதந்தது.

பெண்கள் பக்கம் கூச்சல். சண்முகத்துக்குப் பொறுக்கவில்லை. அவன் இப்போது நடிக்கவில்லை. "சார், இது ஞாயமா சார்? இத்துனூண்டு கெழங்கு முழுகுது, இவ்வளவு பெரிய பூசணி மெதக்குது. ஏனுங்க சார்?"

முதல்வர் பூசணிக்காயைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கையில் வைத்துக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது. பதிலைச் சொல்ல வாயைத் திறந்தார்.

"பதிலைச் சொல்லிப்போடாதீங்க!"

கலாமணி. மேசையைச் சுற்றி வரப் பொறுமையில்லாமல் அதன்மேல் ஏறி இந்தப் பக்கம் குதித்துவிட்டாள்.

"வாயை மூடுங்க சார்! நீங்க சொல்லிட்டா அவிய எப்ப யோசிக்கறது? பசங்க சொல்லட்டும்!"

முதல்வர் வாயை மூடினார். பூசணிக்காயைப் பிடித்தபடி, திட்டு வாங்கிய பையனைப் போல நின்றார். கலாமணி அண்டாவுக்குப் பக்கத்தில் வந்து புடவையை இடுப்பில் செருகினாள். "சண்முகம், பெருசா இருந்தா முழுகோணும்னு உனக்கு யாரு சொன்னா? ஆத்துல எருமை மெதக்குது பாத்திருக்கறியா? எவ்வளவு பெருசு?" ஒருவன், "பூசணிக்குள்ள காத்து இருக்குதுங்க" என்றான். "எப்படித் தெரியும்? உள்ள போய்ப் பாத்தியா?" "அறுத்துப் பாக்கலாமுங்க." அறுத்தார்கள். சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். யாரோ ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டார்கள். உள்ளே காற்றில்லாத வெறும் துண்டும் மிதந்தது! அவ்வளவுதான், சண்டை முதலிலிருந்து தொடங்கியது. மலைமேல் வெயில் மங்கும் வரை நடந்தது அந்த வகுப்பு. கோவைக்குக் கிளம்ப வேண்டிய முதல்வர் கிளம்பவில்லை.

மாலையில் தமிழ்ப் பேராசிரியர், அந்தப் பெண்ணிடம் விளக்கம் கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்றார். முதல்வர் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே, "எனக்குத்தான் வகுப்பெடுக்க மறந்து போயிருக்கிறது, அதற்கு யாரிடம் விளக்கம் கேட்பது?" என்றார்.

இத்தோடு முடித்திருந்தால் நல்ல கதையாக இருந்திருக்கும். ஆனால் கவனியுங்கள், இனிமேல்தான் எங்கள் வேலையே இருந்தது.

மறுநாள் காலை கலாமணியின் அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினார். மாணவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். சண்முகம் அவள் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து, "இதை எடுக்கணும்னா என்னையும் சேத்துத்தானுங்க தூக்கோணும்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நேற்று அப்படிச் சுடர்விட்டவளை இன்றைக்கு எப்படி அனுப்புவது?

முதல்வர் அவளிடம் கேட்டார். "இப்போது எப்படி இருக்கிறது அம்மா?"

"நேத்து நல்லா இருந்துச்சுங்க சார். காலையில எந்திரிச்சா மறுக்காவும் அதேதானுங்க."

ஒரு நல்ல மதியம் பல மாதக் களைப்பைத் தீர்த்துவிடாது. அவளுக்குள் இன்னும் உயிர் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டியது. அதை நம்பி அன்றைக்கே மறுபடி வேலையில் பூட்டியிருந்தால் மிச்சம் இருந்ததும் எரிந்து போயிருக்கும். நான் சொன்னேன், "நின்னுக்கறேன்னு சொல்லாதே அம்மணி. ஊட்டுக்குப் போ. தூங்கு. வரணும்னு தோணுனா வா." முதல்வர், "ரெக்கார்டு" என்று தொடங்கி, நிறுத்தி, "அதை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள்" என்றார்.

பஸ் ஏறும் முன் அவள் என் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னாள். "மேடம், சண்முகத்தைப் பாருங்க. அவுரு சிரிக்கறதைப் பாத்து ஏமாந்துறாதீங்க."

சமையல் பாத்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டே சண்முகம் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். தனியாகக் கூப்பிட்டேன். "எப்படி இருக்கறே?"

"சூப்பருங்க மேடம்."

"சூப்பர் வேண்டாம். நெசத்தைச் சொல்லு."

சிரித்தான். சிரிப்பை நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. படியில் உட்கார்ந்து கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். "போர்டுல எழுதறப்பவே தூங்கிப்போடறனுங்க மேடம். நின்னுக்கிட்டே. பசங்களுக்குத் தெரியறதுக்குள்ள ஒரு ஜோக் அடிச்சு எந்திரிச்சுக்கறது." காலேஜ் முடிந்து போனால் தறி ஓட்ட வேண்டும், காலையில் பஸ் ஏறும் வரை மறுபடி தறி, நடுவில்தான் லெசன் பிளான்.

"உனக்கும் கொஞ்ச நாள் லீவு சொல்லட்டா?"

பதறிவிட்டான். "ஐயோ, வேண்டாமுங்க! ஊட்டுல இருந்தா முழு நேரமும் தறிதானுங்க. காலேஜுதானுங்க மேடம் எனக்கு லீவு."

ஒருத்திக்கு வீடு மருந்து. இன்னொருத்தனுக்கு வீட்டிலிருந்து விடுதலை மருந்து. ஒரே களைப்பு என்று இருவருக்கும் ஒரே விடுப்பைக் கொடுத்திருந்தால் அவன் கதி என்ன? கேளுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

முதல்வரிடம் சொன்னேன். முகாம் முடிந்து கோவை வந்த கையோடு, "கிளம்புங்கள், பல்லடம் போகலாம்" என்றார். சண்முகத்தையும் அழைத்துக்கொண்டு போனோம். தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. சண்முகத்தின் அப்பா பனியனெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்தார். முதல்வர் ஏதோ சொன்னார். அவர் காதில் கை வைத்தார். முதல்வர் கத்தினார். அவர் தலையை ஆட்டிவிட்டு, தறிகளை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். ஒவ்வொன்றாக நின்றது. அது தெரியாமல் முதல்வர் முழு மூச்சில் கத்திக்கொண்டிருந்தார்:

"உங்கள் மகன் தூங்க வேண்டும்!"

தெருவே கேட்டது. எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் எட்டிப் பார்த்தன.

அப்பா திகைத்தார். "தூங்கறதுக்காங்க காலேஜுக்கு அனுப்பறது?"

நான் நடந்ததைச் சொன்னேன். அவர் மகனைப் பார்த்தார். "ஏன்டா, எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீங்க கேக்கலீங்களேப்பா."

"எப்பப் பாரு சிரிச்சுட்டே இருந்தா, என்னன்னுடா கேக்கறது?"

கொஞ்ச நேரம் நின்ற தறிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பரீட்சை முடியற வரைக்கும் தறி ஓட்ட என்ற மச்சினனை வரச் சொல்றனுங்க. கூட்டிட்டுப் போங்க" என்றார். பெட்டி படுக்கையோடு சண்முகம் எங்களுடன் கிளம்பினான். கோவை வரை பஸ்ஸில் முதல்வர் தோளில் சாய்ந்து தூங்கினான். அவர் அசையவே இல்லை. விடுதியில் அவனுக்கு அறை கிடைத்தது. முதல் இரண்டு நாள் அவன் வகுப்பில் ஜோக்கே அடிக்கவில்லை. எனக்கு அதைவிடச் சந்தோஷம் எதுவும் இல்லை.

அடித்தல் திருத்தல் விதியை முதல்வர் எடுத்துவிட்டார். வாரம் ஒரு வகுப்பைப் பாடத்திட்டமே இல்லாமல் எடுக்கச் சொன்னார். சில பள்ளிகளில் முகம் சுளித்தார்கள், சில மாணவர்கள் அதைச் சோம்பலுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். அதற்காக அவர் பின்வாங்கவில்லை. அவரே வாரம் ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். திரும்பி வரும்போது சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள் இருக்கும்.

ஆனால் கலாமணி வரவில்லை. ஒரு வாரத்தில் வருவாள் என்று நினைத்தோம். வாரம் தாண்டியது. செய்முறைத் தேர்வு நெருங்கியது. அவளை அனுப்பியது நான். ஆள் அனுப்பலாமா, நானே போகலாமா என்று தினமும் தோன்றும். வரணும்னு தோணுனா வா என்று சொல்லிவிட்டு, போய் இழுத்து வந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இந்தத் தொழிலில் மிகக் கடினமான வேலை அதுதான்.

ஒரு காலை, வகுப்பு முடிந்து வெளியே வருகிறேன், தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெயிலில் கறுத்திருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அம்மணி பண்ணுனே இத்தனை நாளும்?"

"தூங்குனனுங்க மேடம். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டேன். மறுபடியும் தூங்குனேன்." சிரித்தாள். "அப்புறம் பக்கத்து ஊட்டுப் புள்ளை, ஒம்பதாவது, கணக்குச் சொல்லிக் குடுங்கக்கானு வந்துச்சுங்க. முடியாது போன்னு தொரத்தி உட்டேன். அடுத்த நாளும் வந்துச்சு. அன்னைக்கும் தொரத்தி உட்டனுங்க."

"அப்புறம்?"

"அதுக்கு அடுத்த நாள் அந்தப் புள்ளை வரலீங்க மேடம். ஏன் வரலைன்னு நானே தேடிட்டுப் போனேன்."